தாத்தாவுக்குச் சீழ் வைப்பதில்லை, பேத்திக்கு ஏன் வைக்கிறது?

கேள்வி: திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 6 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான் வந்தது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் சிவந்து அரிக்கும். சொறிந்து சொறிந்து நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டும். அடிக்கடி சீழ் வைக்கிறது. ஒவ்வொரு முறையும் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம். ஆறும், மறுபடி வரும். எங்கள் வீட்டிலேயே என் மாமனாருக்குப் பல வருடமாகச் சொரியாசிஸ். முதுகு, முழங்கால், தலை எல்லாம் செதில் செதிலாக உரிகிறது. சில இடத்தில் வெடித்து ரத்தமே வருகிறது. அந்த உடம்போடு வயலுக்கும் மாட்டுக் கொட்டத்துக்கும் போய்வருகிறார். அவருக்கு ஒருநாளும் சீழ் வைத்ததில்லை. பிள்ளையை நான் இரண்டு வேளையும் கிருமிநாசினி சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன். அவளுக்குத்தான் சீழ் பிடிக்கிறது. இது எப்படி? மாமனாரிடமிருந்து ஒட்டியிருக்குமா, அவர் பக்கத்தில் படுக்க விடலாமா? கிருமியைக் கொல்லும் ‘பெப்டைடு’ நம் உடம்பிலேயே இருக்கிறது, அது குறைந்தால்தான் இப்படி வரும், கேப்சூலாகச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மாதத்துக்கு 1,800 ரூபாய். வாங்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் கண்ணில் பட வேண்டும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்சூலை வாங்காதீர்கள். மாமனாரிடமிருந்து பிள்ளைக்கு எதுவும் ஒட்டவில்லை, ஒட்டவும் செய்யாது. கிருமிநாசினி சோப்பை இன்றோடு நிறுத்துங்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் நாலு நாளில் மறுபடி எடுத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாத்தாவையும் பேத்தியையும் ஒப்பிட்டு நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. தோல் மருத்துவர்களை ரொம்ப காலம் குழப்பிய விஷயம் அது. சொரியாசிஸில் தோல் வெடிக்கிறது, உரிகிறது, மண்ணும் சாணியும் படுகிறது. நியாயப்படி அதில்தான் கிருமி குடியேற வேண்டும். ஆனால் சொரியாசிஸ்காரர்களுக்குச் சீழ் வைப்பது அபூர்வம். கரப்பானிலோ சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கிறது. ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஷ்ரோடர் என்பவரின் ஆய்வுக்குழு இதைக் குடைந்துகொண்டு போனது. அவர்கள் எதை எடுத்துச் சோதித்தார்கள் தெரியுமா? உங்கள் மாமனார் கட்டிலில் இருந்து தினமும் நீங்கள் கூட்டித் தள்ளுகிறீர்களே, அந்தச் செதில்களைத்தான். சொரியாசிஸ் நோயாளிகளிடமிருந்து சேகரித்த செதில்களிலிருந்து 1997இல் அவர்கள் ஒரு கிருமிக்கொல்லியைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பீட்டா டிஃபென்சின்-2 என்று பெயர். 2001இல் அதே செதிலிலிருந்து பீட்டா டிஃபென்சின்-3 கிடைத்தது. இந்த இரண்டாவது, சீழ்க்கட்டிக்குக் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவையும் கொல்லும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத வகையையும்கூட.

ஆக, வீடியோவில் சொன்னதில் முதல் பாதி நிஜம். நம் உடம்பு தானாகவே கிருமிக்கொல்லிகளைச் செய்கிறது. இரண்டாம் பாதி வியாபாரம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெப்டைடு என்பது சின்னப் புரதம், அவ்வளவுதான். பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற அதே அமினோ அமிலங்கள் சில பத்து சேர்ந்த சங்கிலி. டிஃபென்சின்கள் ஒரு குடும்பம். காத்தலிசிடின் இன்னொரு குடும்பம். மனிதருக்கு இந்த இரண்டாவது குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, எல்.எல்.37 என்பார்கள், 37 அமினோ அமிலம் கொண்டது. தோலின் மேல்பக்க செல்கள், ரத்தத்தின் வெள்ளணுக்கள், குடலின் உள்சுவர், நுரையீரலின் குழாய்கள் என்று வெளியுலகம் உரசுகிற எல்லா இடத்திலும் இவை இருக்கின்றன. தடுப்பூசி போட்டு வருகிற எதிர்ப்புச் சக்தி வேறு வகை. அது குறிப்பிட்ட கிருமியைப் பார்த்து, அடையாளம் வைத்துக்கொண்டு, தயாராகச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். பெப்டைடுக்கு அடையாளமெல்லாம் தேவையில்லை. கீறல் விழுந்த சில மணி நேரத்தில் தோல் செல்கள் இவற்றைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கிவிடும். பிறக்கும்போதே கையோடு கொண்டுவருகிற பாதுகாப்பு இது.

இவை கிருமியைக் கொல்கிற விதம் நேரடியானது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர்மின்னூட்டம் அதிகம். இந்தப் பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மின்னூட்டம். அதனால் ஈர்ப்பு. ஒட்டியதும், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கில் புகுவதுபோல, சவ்வின் கொழுப்புக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும். ஓட்டை விழுந்த பாக்டீரியா பிழைக்காது. நம் செல்களின் வெளிச்சவ்வில் அந்த எதிர்மின்னூட்டம் கிடையாது, கொலஸ்டிராலும் சேர்ந்து இறுக்கமாக வைத்திருக்கிறது, அதனால் நமக்குப் பெரும்பாலும் சேதம் இல்லை. ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்பது கேப்சூல் விஷயத்தில் தெரியும்.

மனிதருக்கு மட்டும் உரிய ஏற்பாடும் இல்லை இது. சுவீடனில் ஹான்ஸ் போமன் குழு 1981இல் பட்டுப்பூச்சி இனம் ஒன்றின் ரத்தத்தில் இத்தகைய பெப்டைடைக் கண்டது. அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்து தையல் போட்ட ஆப்பிரிக்கத் தவளைகளை அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் விட்டும் காயம் சீழ் வைக்காமல் ஆறுவதைக் கவனித்து, 1987இல் அவற்றின் தோலில் இருந்து இன்னொன்றைப் பிரித்தார். வயலில் வேலை செய்யும் உங்கள் மாமனாருக்கு அந்தத் தவளையோடு ஏதோ ஓர் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. கோபித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

சரி, பேத்திக்கு வருவோம். அவள் தோலில் இந்தப் பெப்டைடுகள் இல்லாமல் இல்லை. காயம் பட்டால் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு ஏறுவதில்லை. 2002இல் கரப்பான் தோலையும் சொரியாசிஸ் தோலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, எல்.எல்.37, பீட்டா டிஃபென்சின்-2 இரண்டும் கரப்பானில் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. காரணமும் பின்னால் தெரிந்தது. கரப்பான் ஒவ்வாமை வகை அழற்சி. அதில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு சமிக்ஞைப் பொருட்கள் அதிகமாகச் சுரக்கின்றன. அவை தோல் செல்களின் பெப்டைடு உற்பத்தியை அமுக்கிவிடுகின்றன. சொரியாசிஸில் ஓடுவது வேறு சமிக்ஞைகள், முக்கியமாக இன்டர்லூக்கின்-17. அது உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் சிவந்து உரிகிற தோல். உள்ளே நடப்பது நேர் எதிர். இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கிற ஊசி ஒன்று 2017 முதல் அமெரிக்காவில் கரப்பானுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதைப் போட்டவர்களுக்குத் தோல் தொற்றும் குறைகிறது. விலை மிக அதிகம், உங்கள் மகளுக்கு இப்போது அது தேவைப்படும் என்றும் தோன்றவில்லை. அழற்சியை அடக்கினாலே சீழும் அடங்கும் என்பதற்குச் சாட்சியாகச் சொன்னேன்.

இதோடு இன்னும் சில சேர்கின்றன. கரப்பான் உள்ள பலருக்குத் தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. தோல் வறளும், விரியும், அரிக்கும், சொறிவாள், நகம் வழி தேடிக்கொடுக்கும். அப்புறம் அந்த ஸ்டஃபைலோகாக்கஸ் லேசுப்பட்டது இல்லை. தன் சவ்வின் மின்னூட்டத்தையே மாற்றிக்கொண்டு பெப்டைடு ஒட்டாமல் நழுவும், எல்.எல்.37ஐ வெட்டிப்போடுகிற நொதியையும் விடும். கரப்பான் உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் புண் உள்ள தோலில் அது குடியிருக்கிறது. சிரப் கொடுத்து விரட்டினாலும் இடம் அப்படியே இருப்பதால் திரும்ப வந்துவிடுகிறது. நீங்கள் மாதாமாதம் பார்ப்பது இதைத்தான்.

சோப்பு இங்கேதான் கெடுதல் செய்கிறது. நம் தோலில் நல்ல பாக்டீரியாக்களும் வசிக்கின்றன. அவற்றில் சில, தங்கள் பங்குக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைக் கொல்லும் பெப்டைடுகளைச் செய்கின்றன. கரப்பான் நோயாளிகளின் தோலில் இந்தக் காவல் பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதை 2017இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காலோ குழு காட்டியது. கிருமிநாசினி சோப்பு அவற்றையும் சேர்த்துத்தான் அடிக்கும். மேலும் ஆரோக்கியமான தோல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது. சோப்புக் கட்டியோ காரம். காரம் ஏறினால் தோலின் கொழுப்புப் படலம் கரைகிறது, கெட்ட கிருமிக்கு வசதியாகிறது. திருமங்கலம் பக்கம் போரிங் தண்ணீர் உப்பு என்றால் சோப்பு நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் போடுவீர்கள், இன்னும் தேய்ப்பீர்கள். இந்த விளம்பரச் சோப்புகளைப் பற்றி ஒரு தகவல்: 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒன்று. பிறந்த குழந்தையின் மேல் வெள்ளையாக மெழுகுபோல ஒட்டியிருக்குமே, அதிலும் எல்.எல்.37 இருக்கிறது, டிஃபென்சின் இருக்கிறது. பிறந்த உடனே கடலைமாவு போட்டுத் தேய்த்து எடுப்பது நம் பக்கத்து வழக்கம். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் அடுத்த பிரசவம் வந்தால் பாட்டிமாரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்பார்களா என்பது வேறு.

இனி கேப்சூல். விழுங்கிய பெப்டைடை இரைப்பை பருப்பைச் செரிப்பதுபோலவே செரித்துவிடும். இன்சுலினும் பெப்டைடுதான், 51 அமினோ அமிலம். சர்க்கரைக்காரர்கள் அதை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகக் குத்திக்கொள்வது இதனால்தான். வயிற்றைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, உங்கள் மகளின் முழங்கை மடிப்புக்குப் போய்ச் சேருகிற கேப்சூல் எதுவும் இல்லை. களிம்பாகவும் முயன்று பார்த்தார்கள். தவளைப் பெப்டைடிலிருந்து உருவான மருந்து ஒன்றை நீரிழிவுக் கால் புண்ணுக்காகப் பெரிய அளவில் சோதித்தார்கள். 1999இல் அமெரிக்கா அனுமதி தர மறுத்துவிட்டது. ஏற்கனவே இருந்த மருந்தைவிட அது மேலானதாக இல்லை.

சரி, எப்படியோ கூட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் நல்லதா? உங்கள் மாமனாருக்கு ஏராளமாக இருக்கிறது, அவர் நிம்மதியாகவா இருக்கிறார்? எல்.எல்.37 அளவுக்கு மீறும்போது, சிதைந்த செல்களிலிருந்து வெளியே வரும் நம் சொந்த டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அதை எதிரி என்று எதிர்ப்பு செல்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. சொரியாசிஸ் அழற்சி மூளுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 2007இல் தெரியவந்தது. முகம் சிவந்து பருப்பருவாக வரும் ரோசேசியா நோயிலும் அதே பெப்டைடு மிகுதியாக இருக்கிறது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் சுரப்பதுதான் உடம்பின் கெட்டிக்காரத்தனம். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விற்கிற எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மெடிக்கலில் கிடைக்கிற காயப் பவுடரைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் இருக்கும் பேசிட்ராசின், பாலிமிக்சின் இரண்டுமே பாக்டீரியா செய்கிற பெப்டைடுகள்தான். ஆனால் கூடவே சேர்க்கிற நியோமைசின் கரப்பான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். போட வேண்டாம்.

என்ன செய்யலாம்? ஒரு வேளை குளியல் போதும், வெதுவெதுப்பான அல்லது சாதா தண்ணீரில், சீக்கிரமாக. கத்திரி வெயிலில் சாயங்காலமும் மேலுக்குத் தண்ணீர் ஊற்றி வியர்வையை அலசிவிடலாம், சோப்பு வேண்டாம். வியர்வையிலும் டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடு உண்டு, ஆனால் கரப்பான் உள்ளவர்களின் வியர்வையில் அதுவும் குறைவு, காய்ந்தால் அரிப்பு வேறு. அழுக்கான இடத்துக்கு மட்டும் காரமில்லாத குளியல் திரவம் போடுங்கள். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுக்க உலர்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், உடம்பு முழுக்க, தாராளமாக. சின்ன டியூபை ஒரு மாதம் ஓட்டினால் அது தடவியதாகக் கணக்கில்லை. விலை கட்டாது என்றால் வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் வாங்குங்கள், இல்லையென்றால் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய கரப்பான் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் குறைந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது வறட்சியைக் கூட்டும், இந்தத் தோலுக்கு ஒத்துவராது.

சிவந்திருக்கும் இடத்துக்கு, பிள்ளையின் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற லேசான ஸ்டீராய்டு களிம்பு வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறீர்கள், தெரியும். அழற்சி அடங்கினால்தான் தோல் தன் பெப்டைடை ஒழுங்காகச் சுரக்கும், ஸ்டஃபைலோகாக்கஸும் தானாகக் குறையும். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை, சொன்ன நாள் வரை போட்டால் ஆபத்தில்லை. அளவு: பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது உங்கள் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவில் இரண்டு மடங்கு இடத்துக்குப் போதும். ஆபத்து எதில் என்றால், ‘சொறி மருந்து’ என்று கேட்டதும் கடையில் எடுத்துத் தருகிற, கடுமையான ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் படர்தாமரை மருந்தும் கலந்த டியூபில். அதைத் தொடாதீர்கள். சிரப்பும் இனிமேல் சீட்டு இல்லாமல் வேண்டாம். கொஞ்ச இடத்தில் மட்டும் சீழ் என்றால் களிம்பே போதும், காய்ச்சல் அடித்தாலோ பரவினாலோதான் சிரப்.

கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதையாவது சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடித்துச் சிவப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அதை மட்டும் நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் கொடுங்கள். வளர்கிற பிள்ளை.

இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவில், நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள் கூட்டமாக வந்து, காய்ச்சலும் வலியும் இருந்தால் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைத்துவிடாதீர்கள். உதட்டில் கொப்புளம் வரவைக்கிற ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் பரவினால் இப்படி வரும். எல்.எல்.37 இந்த வைரஸையும் எதிர்ப்பதுதான், அது குறைந்த தோலில் வைரஸ் வேகமாகப் பரவுகிறது. அசைக்ளோவிர் என்ற மருந்தை உடனே தொடங்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அன்றைக்கே. ராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிவந்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம் இருக்கிற யாரும் அது ஆறும் வரை பிள்ளையை முத்தமிட வேண்டாம்.

மற்றபடி அவசரம் இல்லை. அதே மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் புறநோயாளி நேரத்தில் வாருங்கள், இதுவரை கொடுத்த சிரப், களிம்பு அட்டைகள் இருந்தால் எடுத்து வாருங்கள். மாமனாரையும் கூட்டிவாருங்கள். பேத்தி அவர் பக்கத்தில் தாராளமாகப் படுக்கலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் சொரியாசிஸ் தோலோடு நிற்கிற நோய் இல்லை, மூட்டையும் பிடிக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடச் சேர்ந்து வருவதுண்டு. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க வராமல் அரை மணி நேரமாவது இறுகிக் கிடக்கிறதா, குதிகாலில் வலி உண்டா, நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்து வையுங்கள். இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் நேராகாது.